பாய்க்கு அடியில் ஒரு குற்றவாளி!

காவல் நிலையத்து ஃபோன் அலறியது.

எடுத்தால், எதிர்முனை அதைவிட அதிகமாக அலறியது.

"வெட்டிட்டாங்க...! என் தைகாவை வெட்டிட்டாங்க! ஒரே ரத்தம்...!"

கான்ஸ்டபிள் லாங்கி துள்ளி எழுந்தாள். வேலையில் சேர்ந்து மூன்றே வாரம். அதற்குள் கொலையா!

"உயிர் இருக்காம்மா?"

"இருக்கு... ஆனா வாலையே ஆட்ட மாட்டேங்குதே!"

லாங்கி ரிசீவரை முறைத்தாள்.

எதிரே சார்ஜண்ட் துயிலோமா தேங்காய்ப்பால் பன்னைக் கொக்கோவில் முக்கிக்கொண்டிருந்தார்.

"யாரு, பாதிரியார் சம்சாரம் மரேதாவா? நாய்க்கெல்லாம் கேஸ் எழுதினா சிரிப்பாங்கம்மா."

"மிருகவதைச் சட்டம் இருக்கே சார்?"

"சட்டமும் இருக்கு. நாயும் இருக்கு. சமோவாவில ரெண்டும் ஒண்ணையொண்ணு பாத்ததே இல்லை!"

லாங்கி போனாள்.

பாதிரியார் வீட்டு வாசலில் தைகா படுத்திருந்தது. பின்னங்காலில் ஆழமான கத்தி வெட்டு. அந்த நிலையிலும் லாங்கியின் கையை நக்கியது. அவள் கைக்குட்டையால் காயத்தைக் கட்டினாள்.

அதற்குள் ஊரே கூடிவிட்டது. சார்ஜண்டும் வாயைத் துடைத்தபடி வந்து நின்றார்.

"பசேனேதான்!" என்றார் ஊர்த்தலைவர். "விடியக்காலையில கத்தியோட ஓடினானாம். பாதிரியார் நாய்மேல கை வெச்சா, பாதிரியார் மேலயே வெச்ச மாதிரி. மத்தியானம் ஊர் மன்றம் கூடுது. குடும்பத்தோட ஊரைவிட்டு அனுப்பிடுவோம்."

"நான் வாழைத்தோட்டத்துக்குப் போனேங்க!" கூட்டத்தில் நின்ற பசேனே கதறினான். "இந்த ஊர்ல கத்தி இல்லாம எவன் தோட்டத்துக்குப் போறான்?"

அவன் மனைவிக்கு எட்டாம் மாதம். பாவம், அவள் அப்போதே சட்டி பானையைக் கட்ட ஆரம்பித்திருந்தாள்.

"மன்றமே பாத்துக்கட்டும்மா. நமக்கெதுக்கு வம்பு?" என்றார் சார்ஜண்ட்.

லாங்கிக்குச் சுர்ரென்று வந்தது.

"வெட்டினதை யாருமே பாக்கலை. கேஸ் கோர்ட்டுக்குத்தான் போகும்! இந்த ஊர்ல இருக்கிற அத்தனை கத்தியையும் பறிமுதல் பண்ணி, ரத்தம் இருக்கான்னு சோதிக்கப் போறேன்!"

ஊர் விழுந்து விழுந்து சிரித்தது.

"அப்ப வாழைத்தாரைப் பல்லால கடிச்சு இறக்கறதா பொண்ணே?"

சார்ஜண்ட் மட்டும் சிரிக்கவில்லை. வேலை இருப்பதாகச் சொல்லிக் கிளம்பிவிட்டார்.

ஒரு மணி நேரம் கழித்து...

பாதிரியார் வீட்டு வாசலில் ஓர் உருவம்!

மண்டியிட்டிருந்தது. தலை முதல் கால் வரை பரம்பரைப் பாய் ஒன்றைப் போர்த்தியிருந்தது.

கூட்டம் இரண்டடி பின்வாங்கியது.

சமோவா வழக்கப்படி, பாய் போர்த்தி மண்டியிட்டால், நான்தான் செய்தேன் என்று ஒப்புக்கொண்டதாக அர்த்தம். வீட்டுக்காரர் பாயை எடுத்தால் மன்னிப்பு. அதற்குப் பிறகு மன்றம் யாரையும் துரத்த முடியாது. வழக்கமாக உறவினர்கள் புடைசூழ வருவார்கள். இந்த ஆசாமி தன்னந்தனியாக வந்திருந்தான்.

"பாத்துக்கோங்க...! நான் இங்க நிக்கிறேன்! இங்க!" பசேனே துள்ளிக் குதித்தான்.

"யாருய்யா உள்ள?" என்று லாங்கி குனிந்தாள்.

"தொடாதே பொண்ணே! மரேதாம்மாதான் எடுக்கணும்" என்று தடுத்தார் தலைவர்.

ஆள் யாரென்று தெரிய வேண்டுமா? பாயைத் தூக்க வேண்டும். தூக்கினால் மன்னித்தாயிற்று! கெட்டிக்காரக் குற்றவாளிதான்.

மரேதா பல்லைக் கடித்தாள்.

"எடுக்கலைன்னா?"

"பாதிரியார் வீட்டிலேயே மன்னிப்பு கிடைக்கலைன்னா, ஞாயித்துக்கிழமை சர்ச்ல அவர் எதைப் பேசுவாரு?" என்றார் தலைவர்.

மரேதா விருட்டென்று பாயை இழுத்தாள்.

உள்ளே... சார்ஜண்ட் துயிலோமா!

"சார்...! நீங்களா?"

"அந்த நாய் என் யூனிஃபார்ம் லாவாலாவா வேட்டியைச் சர்ச் வாசல்ல உருவிடுச்சும்மா! பாடகர் குழுவே பாட்டை நிறுத்திட்டு சிரிச்சுது... அந்த ஆத்திரம்..."

அசடு வழிய எழுந்து முழங்கால் மண்ணைத் தட்டினார். முகத்தில் நிம்மதி.

"சரி, மன்னிச்சாச்சு. கேஸ் முடிஞ்சுது. வா, ஸ்டேஷனுக்குப் போவோம்."

"போவோம் சார். ஆனா நீங்க கைதியா வர்றீங்க."

"என்னம்மா இது... மரேதாம்மாவே பாயைத் தூக்கிட்டாங்களே!"

லாங்கி கைவிலங்கை எடுத்தாள்.

"சட்டப்படி அடிபட்டது மரேதாம்மா இல்லை சார். தைகா!"

தைகா சார்ஜண்டைப் பார்த்து உர்ர்ர் என்றது.

"அது இன்னும் பாயைத் தூக்கலையே சார்!"