சுவரில் விழுந்த ஆறு வளைவுகள்

வக்கீல் இளையபெருமாள் வந்ததும் வராததுமாகப் பையிலிருந்து ஒரு புகைப்படத்தை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"பாய், இது வில்லா இல்லையான்னு நாளைக்குக் கோர்ட் கூடுறதுக்குள்ள எனக்குத் தெரியணும்."

அப்துல் ஜலீல் போலீஸ் கைரேகைப் பிரிவில் முப்பது வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். கையெழுத்து, ரேகை, படம் என்று எதில் சிக்கல் வந்தாலும் தஞ்சாவூர் வக்கீல்கள் கீழவாசலில் இருந்த அவர் வீட்டைத்தான் தேடி வருவார்கள். தட்டச்சு செய்ய வந்து அவருக்கு உதவியாளனாகவே ஆகிவிட்டவன் துரைராசு. இருபத்தாறு வயது. எந்த வழக்கு வந்தாலும் ஜலீலுக்கு முன்னால் அவன் தலைதான் மேசைமேல் குனியும். அன்றும் குனிந்தது.

பெரிய வீட்டு நிச்சயதார்த்தப் படம். பட்டும் நகையுமாகப் பத்துப் பேர் நிற்கிறார்கள். பின்னால் வெள்ளையடித்த சுவர். அதன் ஓரத்தில் மாலை வெயில் ஒரு நிழலைப் போட்டிருந்தது. ஆள் படத்தில் இல்லை. ஒரு தலை, ஒரு தோள், தோளுக்குப் பின்னால் வளைந்து விறைத்த ஏதோ ஒன்று.

"ஆறு கிட்டி..." என்ற துரைராசு சட்டென்று நிறுத்தினான். "கிட்டத்துல பாத்தா ஆறு வளைவு தெரியுது சார். வில்லுதான்."

ஜலீல் பூதக்கண்ணாடியைத் தேடி எடுத்தார். "விஷயத்தைச் சொல்லுங்க வக்கீல் சார்."

கழகம் ஆட்சிக்கு வந்து மூன்று வருடம் ஆகப்போகிற மார்கழி அது. கூலியில் அரை மரக்கால் கூட்டிக் கேட்டு ஊர் ஊராகத் தகராறு நடந்துகொண்டிருந்தது. கோவில்நத்தத்தில் விவசாயக் கூலிகள் சங்கத்தின் சார்பில் பேசியவர் கண்ணுசாமி. கார்த்திகைக் கடைசியில் அவர் பண்ணையாரோடு வாக்குவாதம் செய்த மறுநாள்தான் இந்த நிச்சயதார்த்தம். அன்று விளக்கு வைத்த சற்று நேரத்தில் பண்ணையின் வைக்கோல் போர் எரிந்துபோனது.

"கண்ணுசாமிதான் அம்பு நுனியில தீயைக் கட்டி விட்டார்னு போலீஸ் சொல்லுது. அதுக்கு இந்த நிழல்தான் சாட்சி. படத்தை இன்னிக்குத்தான் கோர்ட்ல கொடுத்தாங்க. கண்ணுசாமி திருச்சி ஜெயில்ல இருக்கார், அவர்கிட்டக் காட்டக்கூட வழியில்லை. நான் கும்பகோணம் கடைத்தெருவுல பொறந்தவன். எனக்கு இதைப் பார்த்தா வில்லாத்தான் தெரியுது."

"எனக்கு முத்துப்பேட்டை கடைத்தெரு. நானும் நெல்லை மூட்டையிலதான் பார்த்திருக்கேன்," என்றார் ஜலீல்.

"அங்க பயிர் கதிர் வாங்கிடுச்சாங்க?" என்று துரைராசு கேட்டான்.

"போரைச் சுத்தி எல்லாம் கதிர்தான். ஏன்?"

"சும்மாதான்."

காலையில் சொல்வதாகச் சொல்லி வக்கீலை அனுப்பிவிட்டு ஜலீல் சாய்ந்து உட்கார்ந்தார். "அடி தம்பி. 'நிழலில் உள்ள பொருள் இன்னதென்று அறிய இயலவில்லை.'"

துரைராசு அடித்தான். விரல்கள் வழுக்கின. தாளை உருவி வாங்கிய ஜலீல் அதைப் படித்துவிட்டு மேசைமேல் வைத்தார்.

"ஒரு வரியில மூணு பிழை. உன் கையில நான் இதுவரைக்கும் ஒண்ணுகூடப் பார்த்ததில்லை." அவர் குரலில் கோபம் இல்லை. "நான் இதை வில்லுன்னு நம்பல. வில்லா இருந்தா ஒண்ணு இருக்கும். ஆறு வில்லைத் தூக்கிக்கிட்டு எவனும் நெருப்பு வைக்கப் போகமாட்டான். அதோட ஒவ்வொரு வளைவுக்கும் அடியில ஒரு சதுரம் இருக்கு, தட்டி மாதிரி. ஒரே அளவுல செஞ்ச ஆறு சாமான். இது யாரோ ஒருத்தரோட தொழில். அதுவரைக்கும்தான் எனக்குத் தெரியும். மிச்சம் உனக்குத் தெரியும்."

"எனக்கா சார்?"

"வக்கீல் வில்லுன்னார். நீ பார்த்த உடனே எண்ணிட்டே. எண்ணிக்கைக்குப் பக்கத்துல ஒரு பேரும் சொன்னே. அதை 'கிட்டத்துல'ன்னு மாத்திக்கிட்டே. அப்புறம் பயிர் கதிர் வாங்கிடுச்சான்னு கேட்டே. வில்லுக்கும் கதிருக்கும் என்ன சம்பந்தம்? உனக்குத் தெரியாம இருந்தா எனக்கு வருத்தமில்லை தம்பி. தெரிஞ்சும் என்னை இந்த வரியைச் சொல்ல விட்டியே."

துரைராசு தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"எலிக்கிட்டி சார். மூங்கில் தட்டியில மூங்கில் பிளாச்சை வளைச்சு நாண் பூட்டியிருக்கும். கதிர் வாங்கினதும் எலி வெட்ட ஆரம்பிக்கும். பொழுது சாயுற நேரத்துல வரப்போரமா வச்சுட்டு விடியக்காலம் எடுப்பாங்க. எங்க அப்பா வைப்பார். பள்ளிக்கூடத்துல என்னை எலின்னுதான் கூப்பிடுவாங்க. ஆடி மாசம் இந்த வாசல்ல ஒருத்தர் வந்து நின்னார். நீங்க யாருன்னு கேட்டீங்க. மூங்கில் விக்கிறவர்னு சொல்லி அனுப்பிச்சேன். அவர்தான் என் அப்பா. தண்ணிகூடக் கேட்காமப் போயிட்டார் சார்."

ஜலீல் தாளைக் கிழித்துப் போட்டார்.

"முதல் பஸ் எத்தனை மணிக்கு?"

விடியற்காலையில் கோவில்நத்தத்தில் பனி இறங்கியிருந்தது. பண்ணை வயலின் வரப்பில் ஓர் ஆள் குனிந்து குனிந்து கிட்டிகளை எடுத்துக்கொண்டிருந்தது. நெருங்கியபோதுதான் அது பெண் என்று தெரிந்தது. முண்டாசு, முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகிய சேலை. நாற்பது வயதிருக்கும். பெயர் கண்ணாத்தாள். புருஷன் செத்துப்போன பிறகு அவன் தொழிலை இவள் செய்கிறாள்.

"நிச்சயதார்த்தத்தன்னிக்கு நீங்க இங்க வந்தீங்களாம்மா?" என்று ஜலீல் கேட்டார்.

"பண்ணைக் காரியஸ்தர் கிட்டி வைக்க வரச் சொன்னாரு, வந்தேன். சுவரோரமா வந்துதான் வயல்ல இறங்கணும்."

"போர் எரிஞ்சதைப் பாத்தீங்களா?"

"பாத்தேனே. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வாணம் விட்டாங்க. ஒண்ணு படுத்துக்கிட்டே வந்து போர்ல விழுந்துச்சு. காரியஸ்தரும் பாத்தாரு."

"ஏம்மா நீங்க இதைச் சொல்லல?"

"என்னைய யாருய்யா கேட்டா?"

பத்தரை மணிக்குக் கோர்ட்டில் ஆறு கிட்டிகளோடு அவள் கூண்டில் ஏறினாள். வழக்கை நடத்திய போலீஸ் அதிகாரி எழுந்தார். இவள் கண்ணுசாமி தெருக்காரி, சங்கத்துக்காக எதையாவது சொல்வாள், எலி பிடிக்கிற சாமானாம், பார்த்தால் வில் போலத்தானே இருக்கிறது என்றார். பெஞ்சில் இருந்த குமாஸ்தாக்கள் சிரித்தார்கள். அவர்களில் நான்கு பேர் துரைராசுவோடு தினமும் காபி குடிப்பவர்கள்.

"சங்கத்துக்குச் சம்பந்தமில்லாத யாராவது இதைப் பத்திச் சொல்ல முடியுமா?" என்று மாஜிஸ்திரேட் கேட்டார்.

ஜலீல் திரும்பிப் பார்க்கவில்லை. துரைராசு தானாக எழுந்தான்.

பெயரும் தகப்பனார் பெயரும் கேட்டார்கள். "ரெத்தினம் மகன் துரைராசு. மணலூர்." இது உனக்கு எப்படித் தெரியும் என்றார் அதிகாரி. "எங்க அப்பா எலிக்கிட்டி வைக்கிறவர். பத்து வயசு வரைக்கும் அவர் பின்னால நான்தான் தூக்கிக்கிட்டுப் போவேன்," என்றான். ஒரு கிட்டியை வாங்கி நாணைப் பூட்டி, ஒரு பென்சிலை நுழைத்துக் காட்டினான். நாண் விழுந்தது. பென்சில் முறிந்தது. யாரும் சிரிக்கவில்லை. ஆனால் அவன் யாரையும் பார்க்கவும் இல்லை.

ஜன்னலோரம் கிட்டிகளைத் தூக்கிப் பிடிக்கச் சொல்லி, எதிர்ச்சுவரில் விழுந்த நிழலையும் படத்தையும் மாஜிஸ்திரேட் மாறி மாறிப் பார்த்தார். கோர்ட்டுக்கு வந்திருந்த காரியஸ்தரைக் கூப்பிட்டு வாணத்தைப் பற்றிக் கேட்டபோது அவர் நாக்கு குழறியது. மத்தியானத்துக்குள் கண்ணுசாமியை விடுதலை செய்ய உத்தரவானது.

வெளியே டீக்கடையில் ஜலீல் மூன்று டீ சொன்னார். கண்ணாத்தாள் தம்ளரை வாங்காமல் துரைராசுவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மணலூர் ரெத்தினத்து மகனா நீங்க? நாங்க ஒரே தொழில்காரங்க, அடிக்கடி பாத்துக்குவோம். அவர் உங்களைப் பத்திப் பேசாத நாளில்ல தம்பி. ஆடியில உங்களைப் பாக்க வந்தாராமே. உக்கார வச்சு, இலை போட்டு, நீங்களே பரிமாறினீங்களாம். இங்கேயே இருங்கன்னு மல்லுக்கட்டினீங்களாம். தொழிலை விட்டுட்டு எப்படி இருக்கிறதுன்னு அவர்தான் கிளம்பி வந்தாராம். ஊரே பெருமையாப் பேசுது."

துரைராசு டீயைக் கீழே வைத்தான். ஜலீல் தெருவின் எதிர்ப்பக்கம் பார்க்கத் தொடங்கினார்.

"அப்படித்தான் சொன்னாரா?"

"ஆமா. ஏன் தம்பி?"

துரைராசு ஜலீலிடம் இரண்டு நாள் லீவு கேட்டான். அவர் தலையசைப்பதற்குள் மணலூர் பஸ் நிற்கும் பக்கம் நடக்க ஆரம்பித்துவிட்டான்.