வாய்தா நாளில் மட்டும்

காலை ஏழு மணிக்கு வக்கீல் ஹரிதா கருப்புக் கோட்டைக் கையில் சுருட்டிப் பிடித்தபடி ஆட்டோவிலிருந்து இறங்கியபோது, தேவேந்திரன் தன் பேட்டரிக் கடையின் ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தான். அவள் கடைப்பக்கம் திரும்பாமல் நேராக மாடிப்படி ஏறினாள்.

மாடியில் தாட்சாயணியின் அலுவலகம். அடிபட்ட வண்டிகளைப் பார்த்து இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு அறிக்கை எழுதுவது அவள் தொழில். ஆனால் சித்தூரில் வண்டி சம்பந்தமாக யாருக்கும் புரியாத விவகாரம் எதுவானாலும் கடைசியில் அந்த மாடிக்குத்தான் வந்து சேரும். அப்படி வரும்போதெல்லாம் தேவேந்திரனும் பின்னாலேயே ஏறிவிடுவான். இன்றும் ஏறினான்.

"இது நாலாவது தடவை மேடம்" என்றாள் ஹரிதா. "சாவியைத் திருப்பினா டக்குடக்குன்னு சத்தம் மட்டும் வருது. பானெட்டைத் திறந்தா பேட்டரி முனை ரெண்டுலயும் வெள்ளையா உப்பு பூத்துக் கெடக்குது. மூணு தடவையும் எங்க வீட்டுக்காரர் வெந்நீர் ஊத்திக் கழுவினார். சாயங்காலம் வண்டி ஓடுது. ஆனா அதுக்குள்ள என் வாய்தா போயிடுது."

"எந்த கோர்ட்டு?"

"நாலுமே திருப்பதி. ஸ்வர்ணலதான்னு ஒரு பொண்ணு. அவ பிள்ளையைப் புருஷன் வீட்டார் தூக்கிக்கினு போயிட்டாங்க. மூணு தடவையும் பஸ்ல ஓடி லேட்டாத்தான் போனேன். இன்னிக்குப் பத்தரைக்கு நான் நிக்கலேன்னா, நான் இல்லாமலே உத்தரவு போட்டுடுவேன்னு ஜட்ஜ் சொல்லிட்டார். அதான் இந்தத் தடவை யாரையும் தொட விடாம இங்க ஓடியாந்தேன்."

"மத்த நாள்ல வண்டி எப்படி?"

"நானும் அவரும் சேர்ந்து தினம் சித்தூர் கோர்ட்டுக்கு அதுலதான் போறோம். ஒருநாளும் மக்கர் பண்ணினதில்ல."

"பேட்டரி யார் போட்டது?"

"சுனில்னு ஒருத்தர். ஆறு மாசம் ஆச்சு."

அந்தப் பெயர் காதில் விழுந்ததுமே தேவேந்திரனுக்கு வயிறு எரிந்தது. சுனிலுக்குக் கடை கிடையாது. பைக்கில் பேட்டரியைக் கட்டிக்கொண்டு வீட்டுக்கே வந்து மாட்டிக் கொடுப்பான். செல்போனில் விளம்பரம் வேறு. இரண்டு வருஷமாக தேவேந்திரனின் வாடிக்கைக்காரர்கள் ஒவ்வொருவராக அந்த பைக்கின் பின்னால் போய்க்கொண்டிருந்தார்கள்.

"அவன்தான்க்கா!" என்றான். "மட்டமான பேட்டரி. ஆசிட் கசியுது, உப்பு பூக்குது. நான் ஊரெல்லாம் சொல்லிக்கினுதான் இருக்கேன்."

"பார்க்காமலே சொல்றியே தேவா" என்றபடி தாட்சாயணி கைப்பையை எடுத்தாள்.

காணிப்பாக்கம் சாலையில் ஹரிதாவின் வீடு. எதிர்வீட்டு வீராசாமி வாசலில் நின்று, வழியை அடைத்து காரை நிறுத்துகிறார்கள் என்று கேட்காதவர்களிடமும் முறையிட்டுக்கொண்டிருந்தார். தாட்சாயணி பானெட்டைத் தூக்கினாள். பிளஸ், மைனஸ் இரண்டு முனையிலும் ஒரே அளவாக வெள்ளைப் பொடி.

"கொஞ்சம் தண்ணியில ஆப்ப சோடா கரைச்சுக் கொண்டு வாங்க" என்றாள். ஹரிதா கொண்டுவந்து கொடுத்துவிட்டு, கட்சிக்காரிக்குப் போன் செய்ய உள்ளே போனாள்.

சோடாத் தண்ணீரைப் பிளஸ் முனையில் ஊற்றினாள் தாட்சாயணி. பொடி பேசாமல் கரைந்து வழிந்தது.

தேவேந்திரன் முகம் சுருங்கியது. "பொங்கணுமேக்கா! ஆசிட்ல பூத்த உப்புன்னா ஆப்ப சோடா பட்டதும் நுரைச்சுக்கினு வரும்."

"கீழே தட்டைப் பாரு."

பேட்டரி உட்கார்ந்திருந்த இரும்புத் தட்டில் துளி துரு இல்லை. ஆசிட் கசிந்திருந்தால் அது முதலில் அரித்திருக்கும். தாட்சாயணி மைனஸ் முனையைக் கவ்வியிருந்த வயர்ப் பிடியைத் தொட்டாள். அது தளர்ந்த வளையல் மாதிரி சுழன்றது.

நட்டின் மேல் ஒரு மஞ்சள் பெயிண்ட் கோடு தெரிந்தது. அது சுனில் வழக்கம். முறுக்கி முடித்ததும் நட்டுக்கும் பிடிக்கும் சேர்த்து ஒரு கோடு இழுத்துவிடுவான். 'இவன் பெரிய ஓவியன்' என்று தேவேந்திரன் அதைக் கேலி செய்திருக்கிறான். இப்போது அந்தக் கோடு உடைந்து, நட்டின் மேலிருந்த பாதி வேறு பக்கம் பார்த்தது.

"சுனிலுக்குப் போன் போட்டு வரச்சொல்லு" என்றாள் தாட்சாயணி. "நட்டைப் பத்தி யார்கிட்டயும் மூச்சு விடாதே."

அந்த எண்ணை அழுத்துவது தேவேந்திரனுக்கு வேப்பெண்ணெய் குடிப்பதுபோல் இருந்தது.

போனை முடித்து வந்த ஹரிதாவின் பின்னாலேயே அவள் கணவன் விஷ்ணுவர்தன் சொம்பில் வெந்நீரோடு வெளியே வந்தான். அவனும் வக்கீல்தான். "வழக்கம்போல நான் கழுவிடறேன். நீ பஸ்ஸைப் பிடி, ஹரிதா" என்றான்.

"ஒரு பத்து நிமிஷம் சார்" என்று தாட்சாயணி சொம்பை வாங்கிக் கீழே வைத்தாள்.

சுனில் வந்து சேர்ந்தான். வீராசாமியையும் கூப்பிட்டாள். எல்லோரும் காரைச் சுற்றி நின்றார்கள்.

"இந்த வண்டி ஏன் கிளம்பலேன்னு உங்களுக்குத் தோணுது?" என்று பொதுவாகக் கேட்டாள்.

"ரோட்டை அடைச்சவங்களுக்கு அப்படித்தான் ஆகும்" என்றார் வீராசாமி.

"புது பேட்டரிம்மா, உப்பு பூக்க வழியே இல்ல" என்றான் சுனில்.

விஷ்ணுவர்தன் கையை நீட்டி அவனைக் காட்டினான். "இவன் வேலைதான். மைனஸ் நட்டை ஒழுங்கா முறுக்கத் தெரியாதவனை எல்லாம் நம்பினா இப்படித்தான்."

தாட்சாயணி நிதானமாக அவன் பக்கம் திரும்பினாள். "காலையிலேர்ந்து எல்லாரும் உப்பு உப்புன்னுதான் சொல்லிக்கினு இருக்கோம். மைனஸ் நட்டு தளர்ந்திருக்குன்னு உங்களுக்கு யார் சொன்னது?"

"போன தடவை கழுவும்போது பார்த்தேன்."

"அதை உங்க சம்சாரத்துகிட்ட சொன்னீங்களா?"

ஹரிதா மெல்லத் தலையை ஆட்டினாள், இல்லையென்று.

"இது உப்பே இல்ல சார், கோலமாவு. நட்டுமேல யாரும் கை வைக்காம இருக்கத் தூவினது. வெந்நீர் ஊத்தினா தடயமும் போயிடும். சாயங்காலம் நட்டை மறுபடி முறுக்கிட்டா வண்டியும் ஓடும். வீராசாமி ஐயாவுக்கு இவங்க தினமும் கருப்புக் கோட்டோட போறது தெரியும், என்னிக்குத் திருப்பதின்னு தெரியாது. சுனிலுக்கும் தெரியாது. அவர் முறுக்கினதுக்கு அவர் போட்ட கோடே சாட்சி. பானெட்டைத் திறக்கற லீவர் வண்டிக்குள்ள இருக்கு, அதுக்குச் சாவி வேணும். சாவியும் இருந்து, ஹரிதாவோட டைரியையும் பார்க்கக் கூடியவர் இந்த வீட்ல ஒருத்தர்தான்."

வீராசாமி சத்தமில்லாமல் தன் வாசலுக்கு நகர்ந்தார்.

விஷ்ணுவர்தன் காரையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு சொன்னான்: "ரெண்டு பேரும் ஒரே நாள்லதான் வக்கீலாப் பதிஞ்சோம். இப்ப ஆபீசுக்கு வர்றவங்க என்னைப் பார்த்ததும் 'மேடம் இல்லீங்களா'ன்னு கேக்கறாங்க. திருப்பதிலேர்ந்துகூட உன்னைத் தேடிக்கினு வராங்க. நாலு தடவை நீ தவறிட்டா, அங்க உன் பேரு கொஞ்சம் கம்மியாகும்னு..."

ஹரிதா கத்தவில்லை. "அந்தப் பிள்ளையோட பேரு தெரியுமா உங்களுக்கு?" என்று கேட்டாள்.

அவன் குனிந்து கீழிருந்த சொம்பை எடுத்தான்.

"யதிராஜன். ஆறு வயசு. என்னைக் கவுக்கறதா நெனைச்சு, மூணு மாசமா அவனை அம்மாகிட்டேர்ந்து பிரிச்சு வெச்சிருக்கீங்க."

அவள் கோட்டை மாட்டிக்கொண்டாள். சுனில் ஸ்பேனரை எடுத்து நீட்டினான். தேவேந்திரன் வாங்கி நட்டை முறுக்கினான். முதல் திருப்பலிலேயே இஞ்சின் பிடித்தது. அப்போது மணி எட்டேகால். பின்னால் ஏற வந்த கணவனைப் பார்த்து, "இன்னிக்கு வேணாம். சாயங்காலம் வந்து பேசறேன்" என்று கதவைச் சாத்திக்கொண்டு போனாள்.

மூன்று மணிக்குத் தாட்சாயணிக்குப் போன் வந்தது. பிள்ளை தாயோடுதான் இருக்க வேண்டும் என்று உத்தரவாகிவிட்டது. ஸ்வர்ணலதா கோர்ட்டு வராண்டாவிலேயே மகனைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாளாம்.

தேவேந்திரனுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் வேலை ஓடவில்லை. காலையில் அந்தக் காரருகே நின்ற விஷ்ணுவர்தனின் முகம் கண்ணைவிட்டுப் போகவில்லை. அந்த முகத்தை அவன் தன் கடைக் கண்ணாடியில் பலதடவை பார்த்திருக்கிறான். சுனில் பைக்கில் கடையைத் தாண்டிப் போகிற நேரங்களில்.

கடைசியில் போனை எடுத்தான்.

"சுனிலு, உன் பேட்டரி மட்டம், அது இதுன்னு நாலஞ்சு பேருகிட்ட சொல்லிட்டேன்பா. வயித்தெரிச்சல்ல சொன்னது. ஒவ்வொருத்தரையா பார்த்து இல்லேன்னு சொல்லிடறேன்."

அந்தப் பக்கம் பைக் இஞ்சினை அணைக்கிற சத்தம் கேட்டது.

"அண்ணா" என்றான் சுனில் தயங்கித் தயங்கி, "ஷட்டர் போட்ட கடையா வெச்சிருக்கீங்களேங்கற வயித்தெரிச்சல்ல, நான் உங்களைப் பத்தி மட்டமா ஒரு முப்பது பேருகிட்டயாவது சொல்லியிருப்பேன். நான் எங்கேர்ந்து ஆரம்பிக்கறது?"