முலாம் வேண்டாத மேசை

"யாரு மேல? நிறுத்துங்க... அந்த இழைப்புளியைக் கீழ வைங்க!"

நஷ்வா மொட்டை மாடிச் சுவரில் சாய்ந்து எட்டிப் பார்த்தாள். முற்றத்தில் ஒருவன். மூக்கு நுனியில் தங்கத் துணுக்கு, கையில் தூரிகை, முகத்தில் கொலைவெறி. அவன் அப்போதுதான் தங்க ரேக்கு ஒட்டப் பசை தடவியிருந்த நாற்காலி முழுக்க அவளுடைய மரத்தூள்!

"தூளு தானா பறந்து வந்துச்சு. நான் அனுப்பலையே..."

"அப்ப அதுகிட்டயே வந்து பேசிக்கறேன்!"

வந்தான். வந்தவன் பேச வந்ததையே மறந்தான். இமையெல்லாம் மரத்தூள் படிந்த அந்தத் தேன் நிறக் கண்கள்...

"நான் ரிஃபாத். கீழ் பட்டறைக்குப் புதுசா வந்திருக்கேன். இது என்ன... கழுதைக்குத் தீனித் தொட்டியா?"

"சமையலறை மேசை. கண்ணு தெரியலையா?"

"ஆடுதே, இன்ஜினியரம்மா!"

"நான் டீச்சர். ஆடுதுன்னுதான் ஒரு காலை அறுத்தேன். உடனே இன்னொண்ணு உயரமாயிடுச்சு... அதையும் அறுத்தேன்."

"இப்படியே போனா உங்க கல்யாணத்துக்குப் பலகை மட்டும்தான் மிஞ்சும்!"

அவள் முகம் சட்டென்று வாடியது. எகிப்தின் தும்யாத் ஊரில் கல்யாணம் என்றால் கூடத்துக்கும் படுக்கையறைக்கும் சாமான் போடுவது மாப்பிள்ளை வீட்டார் பொறுப்பு. சமையலறை பெண் வீட்டார் பொறுப்பு. போன வருடம் நிச்சயமானவனின் அம்மா, இவர்கள் வாங்கி வைத்த பாத்திரங்களைப் புரட்டிப் பார்த்து, "இவ்வளவுதானா?" என்று உதட்டைப் பிதுக்கினாள். அவனும் வாயைத் திறக்கவில்லை. மோதிரத்தைக் கழற்றி அவனுடைய காபிக் கோப்பையில் போட்டவள் நஷ்வாதான்.

இனி என் சமையலறைக்கு முதல் பொருள் என் கையால்தான்... யாரோ இடித்த ஒரு பழைய வீட்டின் உத்தரங்களைச் சுமந்து வந்து தொடங்கிவிட்டாள். கொப்புளம் வந்தது. விடவில்லை.

அதன்பின் ரிஃபாத் தினமும் ஏதாவது சாக்கோடு மாடியேறினான். ஒருநாள் தேநீர், ஒருநாள் உப்புத்தாள். அவன் காலடிச் சத்தத்துக்காகத் தன் காது காத்திருப்பது அவளுக்கே கோபமாக இருந்தது. அப்படிப்பட்ட ஒரு மாலையில்தான் அவன் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டான்.

"இந்த முடிச்சு, ஆணி ஓட்டையெல்லாம் தெரியாம லேசா முலாம் பூசிடட்டுமா?"

"நீங்களும் அந்த அம்மா மாதிரிதானா? இவ்வளவுதான் என் மேசை! இறங்குங்க கீழ."

இறங்கிப் போனான். அவள் எட்டிப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருப்பது இழைப்பதைவிடக் கடினமாக இருந்தது... ஆனாலும் நான்கு கால்களையும் ஒரே கட்டையால் அளந்து, மறுபடி கோடு போட்டு அறுத்தாள். மேசை நின்றது! மேல் பலகைகளைச் சேர்த்துப் பசை ஊற்றி முடித்தபோது மேற்கே இடி...

தண்ணீர் பட்டால் பசை கரையும். பலகை பிரியும். நஷ்வா போர்வையோடு ஓடினாள். போர்வை காற்றில் பறந்தது. மேசைமேல் குப்புறக் கவிழ்ந்து, தன் முதுகில் மழையை வாங்கிக்கொண்டாள்.

"நகருங்க டீச்சர்!"

ரிஃபாத் தார்ப்பாயை விரித்து, நாலு மூலையையும் இழுத்துக் கட்டினான். ஒரு சொட்டு உள்ளே போகவில்லை.

"தார்ப்பாய் ஏது?"

அவள் கீழே எட்டிப் பார்த்தாள். முற்றத்தில் மறைப்பில்லாமல் இரண்டு நாற்காலிகள்... தங்கம் உரிந்து தரையில் ஓடிக்கொண்டிருந்தது.

"பைத்தியமா உங்களுக்கு? அது தங்கம்... இது வெறும் மரம்!"

"தங்கத்தை மறுபடி ஒட்டலாம். உங்க மேசைக்கு மறுபடி அறுக்கக் காலே இல்ல."

அவள் சிரித்தாள். அழுகையும் கூடவே வந்தது.

"அன்னிக்கு நான் பேசினது தப்பு," என்றான். "மரத்தை மறைக்கறதுதான் எனக்குத் தெரிஞ்ச வேலை. அதை அப்படியே பாக்கணும்னு உங்களைப் பாத்துத்தான் தோணுச்சு. நாற்காலி கேட்ட கடைக்காரருக்கு வேற ரெண்டு செஞ்சு குடுத்துடறேன். இந்த ரெண்டு நாற்காலியும்... சமையலறை உங்க பக்கம்னா, மத்ததெல்லாம் என் பக்கம்தானே? உங்களைக் கட்டிக்க ஆசைப்படறேன், நஷ்வா."

முதல் முறையாக அவள் பெயர்... அவன் மேசையில் கையை ஊன்றி அவள் பக்கம் சாய்ந்தான். மேசை ஆடவில்லை.

"நாற்காலில மிச்சமிருக்கற தங்கத்தையும் சுரண்டிட்டுக் கொண்டு வாங்க," என்றாள் நஷ்வா. "என் மேசைக்கு அப்பத்தான் பொருந்தும். எனக்கும் ஆசைதான்... வந்த முதல் நாள்லேருந்து."

பிறகு படிக்கட்டுப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தாள்.

"அம்மா... ராத்திரிக்கு ரெண்டு இல்ல, மூணு பேருக்கு மொச்சை வேக வைம்மா!"