அலறல் சம்பாத்தியம்

படுக்கையறைத் துணி அலமாரியின் கதவு ஒரு விரல் அகலத்துக்குத் திறந்திருந்தது. தானாகத் திறந்துகொள்ளும் கதவு அது. அதனால்தான் காலையில் காகிதத்தை நாலாக மடித்து இடுக்கில் அழுத்திச் சொருகிவிட்டு அவள் வேலைக்குப் போயிருந்தாள். காகிதம் இப்போது தரையில் கிடந்தது.

கைப்பையைக் கட்டிலில் போடப்போனவள் அப்படியே நின்றாள். அலமாரிக்குள் யாரோ மூச்சு விட்டார்கள்.

பயம் வரவில்லை. உச்சந்தலை வரைக்கும் கோபம்தான் ஏறியது.

எட்டு மாதத்துக்கு முன்னால், வேலை பார்த்த மெத்தைக் கடையை மூடியதில் கணவனுக்கு வேலை போயிற்று. ஒருநாள் விளையாட்டாக ஃபிரிட்ஜுக்குப் பின்னால் ஒளிந்திருந்து அவள்மேல் பாய்ந்தான். அவள் வீறிட்ட வேகத்தில் கையிலிருந்த வாணலி பறந்துபோய்த் தரையில் உருண்டது. அதைப் போனில் எடுத்து இணையத்தில் போட்டான். இரண்டு லட்சம் பேர் பார்த்தார்கள். அன்றைக்குப் பிடித்தது சனி. சேனல் ஆரம்பித்தான். குளியலறைக் கதவுக்குப் பின்னால், கட்டிலுக்கு அடியில், மாடிப்படித் திருப்பத்தில், முகமூடியோடு, முகமூடி இல்லாமல் என்று எங்கே திரும்பினாலும் அவன்தான். அவள் அலற அலறக் கூட்டம் சேர்ந்தது. நாலாம் மாதம் முதல் பணமும் வந்தது. வீட்டு வாடகையே அதில்தான் போனது என்பதால் அலறுவதற்குத் தவிர வேறு எதற்கும் அவளால் வாயைத் திறக்க முடியவில்லை.

அவள் பல் செட் செய்யும் ஆய்வகத்தில் வேலை பார்த்தாள். அங்கே மெழுகு வார்க்கிற பெண் இவளுடைய அலறலையே ரிங்டோனாக வைத்துக்கொண்டிருந்தாள். மதியம் சாப்பிடும்போது அது அடிக்கும். எல்லோரும் சிரிப்பார்கள். இவளும் சேர்ந்து இளிக்க வேண்டும். நாத்தனாரோ, "அண்ணி, உங்க தொண்டைக்கு இன்ஷூரன்ஸ் எடுத்து வைங்க" என்றாள்.

அலறி அலறி அவளுக்கு ஒரு கட்டத்தில் மரத்துப்போனது. கதவுக்குப் பின்னாலிருந்து அவன் குதித்தால், "சாப்பிட்டாச்சா?" என்று கேட்டுவிட்டு நகர்ந்தாள். பார்க்கிறவர்கள் குறைந்தார்கள். "கொஞ்சம் நடிச்சாவது குடும்மா" என்று கெஞ்சினான். போன வாரம் அவள் கறாராகச் சொல்லிவிட்டாள். "இன்னொரு தடவை என்னைப் படம் புடிச்சீங்கன்னா நான் எங்கம்மா வீட்டுக்குப் போயிடுவேன், ஆமா." அவன் சத்தியம் செய்தான்.

சத்தியம் ஆறு நாள் தாங்கியிருக்கிறது.

கிடக்கட்டும், புழுங்கிச் சாகட்டும் என்று சமையலறைக்குப் போய் நிதானமாகத் தேநீர் போட்டாள். கோப்பையோடு திரும்பி வந்து, அலமாரிக்கு நேர் எதிரே கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தாள். ஜன்னல் திரைக்குப் பின்னால் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. கூடத்தில் ஃபிரிட்ஜ் ஒரு முறை உறுமி ஓய்ந்தது. பக்கத்து வீட்டுக் குழாயில் வாளி நிரம்பும் சத்தம் சன்னமாகி, நின்றுபோனது. அதற்குப் பிறகு அறையில் மிச்சமிருந்தது அந்த மூச்சு மட்டும்தான். கனமாக, ஈரமாக, அவசரமே இல்லாமல் அது வந்து போய்க்கொண்டிருந்தது.

"எவ்வளவு நேரம்தான் நிக்கிறீங்கன்னு பார்க்கிறேன்" என்றாள்.

தேநீரை ஒரு வாய் உறிஞ்சினாள்.

"மானம் போகுதுங்க எனக்கு. பஸ்ஸுல பக்கத்து சீட்டுக்காரி என் முகத்தையும் அவ போனையும் மாத்தி மாத்திப் பார்க்கிறா. ராத்திரி தண்ணி குடிக்க எழுந்திரிக்கக்கூட யோசனையா இருக்கு. என் வீட்டுல நானே சுவரைத் தடவிக்கிட்டு நடக்கிறேன். கட்டிக்கிட்டு வந்தவளை வெச்சுத்தான் சம்பாதிக்கணுமா? வேற வழியே இல்லையா உனக்கு?"

'நீங்க' எப்போது 'நீ' ஆனது என்று அவளுக்கே தெரியவில்லை. வாயில் வந்ததெல்லாம் வெளியே கொட்டியது. எட்டு மாதம் நெஞ்சுக்குள் அடைத்து வைத்திருந்தது. திட்டத் திட்ட உடம்பு லேசானது.

மூச்சு வாங்குவதற்காக நிறுத்தினாள்.

உள்ளேயும் மூச்சு வாங்கியது. அவள் இழுத்தபோது இழுத்தது. அவள் விட்டபோது விட்டது.

"கிண்டலா பண்றே?"

எச்சில் விழுங்கும் சத்தம் கேட்டது. கூடவே கதவிடுக்கின் வழியாக ஒரு வாடை வந்தது. பல நாள் திறக்காத தண்ணீர்த் தொட்டியின் மூடியைத் தூக்கினால் முகத்தில் அடிக்குமே, அந்த வாடை. அவன் பூசும் பவுடர் வாசனையோ வியர்வை நெடியோ அதில் இல்லை.

கட்டிலில் கிடந்த போன் அடித்தது. கணவன்.

"பஸ்ஸை விட்டு இறங்கிட்டேன்மா. பால் வாங்கிட்டு வரவா?"

"இந்த வித்தையெல்லாம் மூணாவது வீடியோவிலேயே பார்த்தாச்சு. உள்ளேயிருந்து போன் பண்ணிட்டு வெளியில இருக்கேன்னு கதை விடாதே."

"எந்த உள்ளே? என்ன சொல்றே நீ? சரி விடு, வேலை விஷயமா ஒரு நல்ல சேதி இருக்கு. நேர்ல வந்து சொல்றேன்." அவன் குரலுக்குப் பின்னால் ஒரு பேருந்து இரைந்துகொண்டு கிளம்பியது. யாரோ சில்லறை கேட்டார்கள்.

அவன் பேசிக்கொண்டிருந்தான். அலமாரிக்குள் மூச்சும் ஓடிக்கொண்டிருந்தது. பேசுகிறவனால் அதே நேரத்தில் மூச்சை இழுக்க முடியாது.

தேநீர் அவள் மடியில் கொட்டியது. சுட்டது. உறைக்கவில்லை.

எழுந்தாள். பின்பக்கமாகவே நடந்தாள். அலமாரியிலிருந்து கண்ணை எடுக்காமல். அறை வாசல். கூடம். முதுகில் சுவர் இடித்தது. விளக்கு போடவில்லை. ஸ்விட்ச் அறை வாசலுக்குப் பக்கத்தில் இருந்தது. அங்கே போக முடியாது.

உள்ளே ஏதோ தொண்டையைச் செருமியது.

"ஆ" என்றது. சின்னதாக. பாடுவதற்கு முன்னால் சுருதி பார்க்கிற மாதிரி. மறுபடியும் "ஆ". கொஞ்சம் மேலே.

பிறகு அலறியது.

அவளுடைய அலறல். அந்த முதல் அலறல், அச்சு அசலாக. அது முடியும் இடத்தில் வாணலி விழுந்து, உருண்டு, சுழன்று அடங்கியது. அந்தச் சத்தமும் அதே தொண்டையிலிருந்துதான் வந்தது.

அவள் வாய் திறந்துதான் இருந்தது. அதிலிருந்து காற்றுகூட வரவில்லை.

வாசல் பூட்டில் சாவி திரும்பியது.

"அடேங்கப்பா! தெருமுனை வரைக்கும் கேட்குதே!" கணவன் உள்ளே வந்தான். வெளியே போகும்போது போட்டுக்கொள்ளும் இஸ்திரிச் சட்டை. ஒரு கையில் பால் பாக்கெட். சுவரோடு ஒட்டி நின்றவளைப் பார்த்தான். அறைக்குள் மறுபடியும் அவளுடைய அலறல். அவளைப் பார்த்தான். அறையைப் பார்த்தான். முகம் மலர்ந்தது.

"ஸ்பீக்கர் வெச்சிருக்கியா? எனக்கேவா!" பாலைத் தரையில் வைத்துவிட்டுப் போனை எடுத்தான். "புருஷனுக்கே பிராங்க்! இது பிச்சுக்கிட்டு ஓடும்டி!"

அவள் தலையை ஆட்டினாள். வேண்டாம், வேண்டாம் என்று ஆட்டினாள். அவன் போன் வெளிச்சத்தை அவள் முகத்தில் அடித்தான்.

"அப்படியே இரு. கண்ணைச் சிமிட்டாதே. இத்தனை நாள் இந்த நடிப்பை எங்கே வெச்சிருந்தே?"

தாண்டிப்போனவனின் சட்டைக் கையை எட்டிப் பிடித்தாள். பத்து விரலாலும் பிடித்தாள். அவன் சிரித்துக்கொண்டே உதறினான். பிடி விடவில்லை. மறுபடி உதறினான். கண் மட்டும் போன் திரையை விட்டு வரவில்லை. நடுங்கும் தன் முகம் அந்தத் திரையில் தெரிவதை அவளும் பார்த்தாள். கீழே அவன் கட்டைவிரல் சிவப்புப் பொத்தானை அழுத்தியது.

அவள் விட்டாள்.

வழுக்கிப் போகவில்லை. விட்டாள்.

போன் வெளிச்சம் அறைக்குள் நுழைந்தது. அலமாரிக் கதவு கிறீச்சிட்டது. "நண்பர்களே, இன்னைக்கு..." என்று சிரித்தான். சிரிப்பு பாதியில் அறுந்தது.

கணவன் அலறி அவள் கேட்டதே இல்லை. அப்போது கேட்டாள். ஒரே ஒரு தடவை.



பிறகு அதே அலறல், கொஞ்சம் பிசிறடித்து. நிறுத்தி, மறுபடியும். இந்த முறை ஆரம்பம் சரியாக இருந்தது, முடிவு தப்பாக இருந்தது. மறுபடியும். ஒவ்வொரு தடவையும் இன்னும் கொஞ்சம் அவனாக. ஐந்தாவது தடவை எந்தக் குறையும் இல்லை.

அறைக்குள்ளிருந்து போன் வெளிச்சம் புறப்பட்டு வந்தது. யாரோ அதைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். வாசல் நிலைக்கு அருகில் வெளிச்சம் தாழ்ந்தது, குனிந்து வெளியே வந்தது, கூடத்துக்குள் நிமிர்ந்தது. நிமிர்ந்துகொண்டே போனது. கூரைக்கு ஒரு சாண் கீழே நின்றது. அங்கிருந்து மெல்லச் சாய்ந்து, அவள் முகத்தைத் தேடிப் பிடித்து, அசையாமல் காத்திருந்தது.