திராட்சை வாசம்

பழம் எதுவும் உள்ளே வரக்கூடாத வார்டு அது. இருந்தும் கனிந்து அழுகத் தொடங்கிய திராட்சையின் வாசம், பினாயில் நெடியை விலக்கிக்கொண்டு, கிறீச்சிட்டுச் சுற்றும் மின்விசிறியின் காற்றோடு இறங்கி, அவள் கட்டிலருகே வந்து நின்றது.

மற்றவர்களுக்கு அது வெறும் வாசம். அவளோ இதே மருத்துவமனையின் ஆய்வுக்கூடத்தில் கிருமிகளை வளர்த்துப் பார்ப்பவள். தட்டின் மூடியைத் திறந்ததும் இந்த வாசம் வந்தால், உள்ளே இருப்பது புண்ணில் பச்சைச் சீழாக ஊறி உயிரைக் குடிக்கும் கிருமி என்று அவளுக்குத் தெரியும். "ஸ்டெதாஸ்கோப்பைத் துடைங்க டாக்டர்" என்று நச்சரித்தே 'கிருமியம்மா' என்று பெயரெடுத்தவள். விபத்தில் உடைந்த அவள் தாடையை இப்போது கம்பியால் இறுக்கியிருந்தார்கள். வலது கையில் மாவுக்கட்டு. நெஞ்சில் தையல்.

பக்கத்துக் கட்டில் பெரியவரின் புண்ணிலிருந்துதான் வருகிறது என்று நினைத்திருந்தாள். காலையில் அவரை வெள்ளைத்துணியால் மூடிக் கொண்டுபோனார்கள். மெத்தையை மாற்றினார்கள். தரையைக் கழுவினார்கள். வாசம் மட்டும் போகவில்லை.

மெல்லத் தலையைத் தாழ்த்தித் தன் நெஞ்சைப் பார்த்தாள்.

கட்டுத்துணியின் ஓரத்தில் பச்சை ஈரம்.

"ம்... ம்ம்..."

கணவர் ஓடி வந்தார். அவர் உள்ளங்கையில் இடது விரலால் 'துடை' என்று எழுதத் தொடங்கினாள்.

"து... துணியா? குளிருதா உனக்கு?"

போர்வையை இழுத்து, பச்சையை மறைத்து, கழுத்துவரை போர்த்திவிட்டார்.

அதற்குள் டாக்டர் வந்துவிட்டார். சிரித்த முகம்.

"என்ன கிருமியம்மா! நீங்க படுத்ததும் எங்களைத் திட்ட ஆளில்லாம வார்டே வெறிச்சோடிப் போச்சு."

ஸ்டெதாஸ்கோப்பின் குளிர்ந்த வட்டு போர்வைக்குள் நுழைந்து, தையலோரம் அழுந்தியது. அவள் அதன் குழாயைப் பற்றிக்கொண்டாள். விடவில்லை. அவர் அவள் விரல்களை ஒவ்வொன்றாக, வலிக்காமல் பிரித்தார்.

"பயப்படாதீங்க. எல்லாம் சரியாயிடும்."

"தெய்வம் மாதிரி பாத்துக்கிறீங்க டாக்டர்," என்றார் கணவர், கண் கலங்கி.

வட்டு வெளியே வந்தது. அதன் விளிம்பு மினுங்கியது. ஈரம். அவர் பார்க்கவில்லை.

பெரியவர் கிடந்த கட்டிலில் தீக்காயம் பட்ட ஓர் இளம்பெண்ணைக் கிடத்தியிருந்தார்கள். கட்டு மாற்றுவதற்காகத் திறந்து வைத்த மார்பு. கழுத்துக்குக் கீழே தோலே இல்லை.

டாக்டர் அந்தப் பக்கம் திரும்பினார்.

மாவுக்கட்டைக் கட்டில் கம்பியில் அடித்தாள். டொக். டொக்.

"அக்கா, கையை ஆட்டாதீங்கக்கா," என்றாள் நர்ஸ்.

கணவர் அந்தக் கையை வாரியெடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அன்பாக. இறுக்கமாக.

"ம்ம்ம்..."

"வலிக்காது கண்ணு," என்றார் டாக்டர், அந்தப் பெண்ணிடம். "லேசாத்தான் வைப்பேன்."

அந்தப் பெண் அவரைப் பார்த்துச் சிரித்தாள்.

வட்டு இறங்கியது. சிவந்த சதைமேல். மெல்ல அழுந்தியது. அங்கேயே இருந்தது.