போடாத சத்தம்

சத்தம் போடும் பொத்தானை அபூர்வா அழுத்துவதற்கு முன்பே ஆறு எலிகள் திடுக்கிட்டன.

எலிகளுக்காகப் பகலை இரவாக்கி வைத்த அறை அது. வெளியே பெங்களூரில் மதிய வெயில். உள்ளே ஒரே ஒரு சிவப்பு விளக்கு, மூத்திரம் ஊறிய மரத்தூளின் வாடை, கணினி விசிறியின் ஓயாத முனகல், பன்னிரண்டு கண்ணாடிப் பெட்டிகளில் பன்னிரண்டு எலிகள், ஒவ்வொன்றின் மண்டையிலிருந்தும் கணினிக்கு ஒரு கம்பி. ஆறு நல்லவை. மற்ற ஆறும் தாய் வயிற்றிலேயே மூளை கெடுக்கப்பட்டு, மனச்சிதைவு உண்டாக்கப்பட்டவை. எவை எவை என்று அவளுக்குத் தெரியக் கூடாது. பட்டியல், எலிகளைப் பராமரிக்கும் மல்லப்பாவிடம் மட்டும்தான்.

வெள்ளிக்கிழமைக்குள் ஒழுங்கான பதிவு வராவிட்டால் ஆறு வருட ஆய்வும் குப்பைதான். கம்பிக் கோளாறுதான் என்று எரிச்சலோடு கம்பிகளை மாற்றினாள். அதுவும் பலிக்காமல் ஒலிபெருக்கியையே பிடுங்கிப் போட்டாள். சத்தமே இல்லாத அறையில் அதே ஆறு எலிகளின் மூளை எதையோ கேட்டது. திரையில் ஆறு கோடுகள் ஒரே நொடியில் எழுந்தன, ஒவ்வொரு தடவையும் முன்னைவிட உயரமாக.

இல்லாததைக் கேட்பது சீக்கு எலிகள்தானே. அப்படியே எழுதித் தொலைக்கலாம் என்று மல்லப்பாவுக்குப் போன் போட்டாள்.

“மல்லண்ணா, ரெண்டு, மூணு, அஞ்சு, எட்டு, ஒம்போது, பதினொண்ணு. இதுங்கதானே சீக்கு?”

“சொல்லக் கூடாது மேடம். சொன்னா மொத்தமும் வீணாப்போயிடும்னு நீங்கதானே போன மாசம் என்னை அந்தத் திட்டு திட்டுனீங்க.”

“திட்டுனேன். இப்ப சொல்லித் தொலைங்க, மண்டை காயுது.”

தாள் புரண்டது. “இல்ல மேடம். நீங்க சொன்ன ஆறும் நல்ல எலிங்க.”

போனை வைத்தாள். பயமாக இருந்தது.

சீக்கு எலிகள் நிம்மதியாக முகம் துடைத்துக்கொண்டிருந்தன. நல்லவை ஆறும் மூலையில் ஒடுங்கி, காதுகள் விறைத்து, ஒரே திசையைப் பார்த்தன. அவள் முதுகுப் பக்கம்.

மூச்சைப் பிடித்துக் காது கொடுத்தாள். விசிறி. அவ்வளவுதான்.

சீக்கு எலிகளுக்கும் அவளுக்கும் மட்டும் அது கேட்கவில்லை.

கோடுகள் திரையின் உச்சியை முட்டின. இறங்கவில்லை.

ஆறு தலைகளும் மெல்லத் திரும்பின. முதுகிலிருந்து தோளுக்கு. தோளிலிருந்து அவளுடைய வலது காதுக்கு.

அங்கேயே நின்றன.