காணாமல் போன சேனா மெடல்

காலை 7.10. எல்லையில் குண்டடி பட்டபோதுகூடக் கலங்காத முன்னாள் சுபேதார் கோதண்டபாணி, நினைவு மண்டபத்தின் வாசற்படியில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். உள்ளே கண்ணாடிப் பெட்டி திறந்து கிடந்தது. லான்ஸ் நாயக் வசந்தின் வீரத்துக்குக் கிடைத்த சேனா மெடலைக் காணோம்.

ஒடுகத்தூர் மலையடிவாரத்துக் கருங்காலிமேட்டில் வீட்டுக்கு ஒருவர் பட்டாளத்துக்குப் போவது வழக்கம். திரும்பி வராதவர்களின் பெயர்கள் மண்டபத்துத் தூணில் இருக்கின்றன. ஊரார் ஜெர்மன் சண்டை என்று சொல்லும் முதல் உலகப் போரில் தொடங்கி வசந்தில் முடிகிற வரிசை அது. அவர் பெயருக்குக் கீழே இடம் விட்டிருந்தார்கள். விழாக் கமிட்டிக்கு முன்யோசனை ஜாஸ்தி!

இன்று அஞ்சலி நாள். வசந்தின் மகன் சூரியபிரகாஷ் பட்டாளத்தில் சேர இன்று மதியம்தான் காட்பாடியில் ரயில் ஏற வேண்டும். மெடல் தொலைய வேறு நாளா கிடைக்கவில்லை?

8.30. எஸ்.ஐ. அஃப்ரோஸ் வந்தாள். வாணியம்பாடிக்காரி. போலீசில் சேருமுன் ஆம்பூர் ஷூ கம்பெனி ஒன்றில் தையல் மெஷினில் உட்கார்ந்தவள்.

பூட்டு உடைபடவில்லை. சாவி பூட்டிலேயே தொங்கியது, கூடவே ஒரு பைக் சாவியும். பெட்டிக்குள் மெடலைக் குத்தியிருந்த ஊக்கு இரண்டாக உடைந்திருந்தது. இரண்டு துண்டுகளும் பலகையில் செல்லோடேப்பால் ஒட்டப்பட்டிருந்தன. விழாவுக்கு வாங்கிய டேப் சுருள் மேஜையிலேயே இருந்தது.

"ஊக்கு நேத்தே உடைஞ்சிருந்துச்சா?"

"இல்ல மேடம்," என்றார் சுபேதார். "சாயந்தரம் நான்தான் துடைச்சு வெச்சேன். நல்லாத்தான் இருந்துச்சு."

"சாவி?"

"எங்கிட்ட ஒண்ணு. வசந்த் வீட்ல ஒண்ணு." கோதண்டபாணி குரலைத் தாழ்த்தினார். "பைக் சாவியப் பாத்தா இது சூரியபிரகாஷோடது. அவன் பண்ணியிருக்க மாட்டான் மேடம். கேஸ் விழுந்தா பட்டாளத்துல சேத்துக்க மாட்டாங்க. புள்ள வாழ்க்கையே போய்டும்."

9.00. வசந்தின் வீடு. நடுக்கூடத்தில் கட்டி வைத்த டிரங்குப் பெட்டி. வசந்தின் மனைவி மேகலா தண்ணீர் கொண்டுவந்தாள். மூலையில் சூரியபிரகாஷ் நின்றான்.

"நேத்து ராத்திரி எங்க இருந்தே?"

"வீட்லதான் மேடம். தூக்கம் வரல."

"சாவி?"

"ஆணில மாட்டியிருந்தேன்."

"இல்ல மேடம்," மேகலா குறுக்கிட்டாள். "அவங்கிட்டதான் இருந்துச்சு. வேற யாரும் தொடல. எழுதிக்குங்க."

அஃப்ரோஸ் நிமிர்ந்து பார்த்தாள். பிள்ளையைக் காப்பாற்றப் பொய் சொல்லும் அம்மாக்களை அவளுக்கு நன்றாகத் தெரியும். இது புதுசாக இருந்தது. பையனை வெளியே அனுப்பினாள்.

"எங்க வேலை பாக்குறீங்க?"

"ஆம்பூர் ஷூ கம்பெனில. தையல் செக்‌ஷன். அவரு போனதுலேர்ந்து."

"நானும் அதே வேலைதான் பாத்தேன்." அஃப்ரோஸ் அருகே வந்து உட்கார்ந்தாள். "மெடலை எடுத்தது நீங்கதான்க்கா."

மேகலா தண்ணீர்ச் செம்பை எடுத்து ஓரமாக வைத்தாள்.

"திருடுறவன் தன் சாவியைப் பூட்டுலயே தொங்கவிட்டுப் போவானா? யாரோ அவனை மாட்டிவிடத்தான் விட்டிருக்காங்க. அப்புறம் அந்த ஊக்கு. அவசரத்துல உடைஞ்சா எவனும் அப்படியே போட்டுட்டு ஓடுவான். நம்ம கம்பெனில ஊசி உடைஞ்சா இன்னா பண்ணுவோம்? ஒரு துண்டு விடாம பொறுக்கி, டேப் போட்டு ஒட்டிக் காட்டினாதான் புது ஊசி. ஒரு துண்டு ஷூக்குள்ள போனாலும் மொத்த லாட்டும் திரும்பி வந்துடும். உங்க கை அதுபாட்டுக்கு ஒட்டிடுச்சு. இங்க யாரும் அதைக் கவனிக்கல."

மேகலா எழுந்து போய், அரிசிப் பானைக்குள் கைவிட்டு மெடலை எடுத்துவந்தாள்.

"அவரைப் பெட்டில கொண்டாந்தாங்க மேடம். தெறக்க வேணாம்னாங்க. நானும் தெறக்கல. இப்ப இவன் பெட்டி கட்டுறதைப் பாத்தா உடம்பெல்லாம் ஆடுது. அந்தத் தூண்ல கீழ இடம் விட்டு வெச்சிருக்காங்களே, பாத்தீங்களா? ஜெயில்ல இருந்தான்னா மனு போட்டாவது போய்ப் பாக்கலாம். கேஸ் போட்டுடுங்க மேடம்."

"எம்பேர்லயே எழுதுங்க மேடம்," என்றது வாசலிலிருந்து ஒரு குரல். சூரியபிரகாஷ் போகவே இல்லை. "நான்தான் எடுத்தேன்னு சொல்லிடுறேன். எனக்கும் பயமா இருக்கு, அம்மா. பட்டாளத்து லெட்டர் வந்த நாள்லேர்ந்தே."

தெருமுனையில் மேளம் கேட்டது. மெடல் போனாலும் பிள்ளையை வழியனுப்பாமல் விடுவதில்லை என்று ஊர் கிளம்பிவிட்டது.

"பொய்க் கேஸ் நான் எழுத மாட்டேன்," என்றாள் அஃப்ரோஸ். "மெடல் கெடைச்சிடுச்சு, அவ்ளோதான். போகலன்னா போகலன்னு நீயே சொல்லு."

"மேளத்தோட வர்ற இந்த ஊர்க்காரங்ககிட்டயா?"

"இவங்ககிட்டதான்."

மேகலா பாய்ந்து அவன் சட்டையைப் பிடித்தாள். "வேணாண்டா. ஊரே காறித்துப்பும். உங்கப்பா பேரு இன்னா ஆவும்?"

அவன் அம்மாவின் விரல்களைப் பிரித்துவிட்டு வாசலுக்குப் போனான். மாலையோடு கோதண்டபாணி நின்றிருந்தார். அவருக்குப் பின்னால் தெரு அடைத்துக் கூட்டம்.

"எனக்குப் பயமா இருக்கு சார். நான் போகல."

மேளச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. கோதண்டபாணி கையை உயர்த்தி மேளத்தை நிறுத்தினார்.

"இன்னாப்பா சொன்னே?"

சூரியபிரகாஷ் இன்னொரு தடவை சொன்னான்.